மைதானத்து மூலை: நன்றாக எறியும் பையனை ஏன் நிறுத்துகிறார்கள்?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். மாப்பிள்ளை டிவியில் பேஸ்பால் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை. ஒரு சின்னப் பையன் பிரமாதமாக எறிந்துகொண்டிருந்தான், எதிரணி திணறியது. அப்போது போய் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்! கேட்டால், "பந்துக் கணக்கு மாமா" என்கிறார். அது என்ன கணக்கு?
- ஆர்.எம்., கும்பகோணம்

பதில்: உங்களுக்கு வந்த அதே எரிச்சல் எனக்கும் வந்திருக்கிறது. ஒருவன் எறிகிற ஒவ்வொரு பந்தையும் எண்ணி, கை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு அளவு வந்ததும் நிறுத்திவிடுவார்கள், அதுதான் பந்துக் கணக்கு. வேலை நிமித்தம் ஆறு வருடம் ஜப்பானில் சிபா நகரத்தில் இருந்தேன். அங்கே கடலோரத்தில் லோத்தே மரீன்ஸ் அணியின் மைதானம். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

அந்த அணியில் ரோக்கி சசாகி என்று ஒரு பையன். 2022 ஏப்ரல் 10, ஞாயிறு. ஒரு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். அடிக்க வந்த 27 பேரையும், ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு (ஓட்டத்துக்காகத் தொட வேண்டிய முதல் கட்டத்துக்கு) விடாமல், வரிசையாக அனுப்பிவைத்தான். வயது 20. ஜப்பான் தொழில்முறை ஆட்டத்தில் 28 வருடமாக யாரும் செய்யாத காரியம். நான் அன்று அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்த வயிற்றெரிச்சலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன்.

அன்றும் அதே கதை. எட்டு இன்னிங்ஸ், 24 பேர், ஒருவரும் பேஸைத் தொடவில்லை. கொரோனா காலம் என்பதால் கத்தக்கூடாது, கைதட்டல் மட்டும்தான். பலகையில் பந்து எண்ணிக்கை 102. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஒலிபெருக்கியில் வேறு பெயர் வந்தது. கத்தக்கூடாது என்பதையும் மறந்து மைதானமே "ஆ..." என்றது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். காலியாக இருந்த ஒன்பதாவது கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பத்தாவது இன்னிங்ஸில் அணி 0-1 என்று தோற்றது வேறு விஷயம்.

அந்தப் பையன் 17 வயதிலேயே மணிக்கு 163 கிலோமீட்டர் வேகம் எறிந்தவன். 2019-ல் பள்ளிப் போட்டி ஒன்றில் 12 இன்னிங்ஸ், 194 பந்து. நாலு நாள் கழித்து மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோஷியென் என்கிற தேசியப் பள்ளிப் போட்டி, அங்கே அது திருவிழா மாதிரி. முந்தைய நாள் அரையிறுதியில் வேறு 129 பந்து எறிந்திருந்தான். பயிற்சியாளர் அவனை இறுதியில் இறக்கவே இல்லை. பள்ளி 2-12 என்று தோற்றது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பள்ளிக்கு ஃபோன் போட்டுத் திட்டினார்கள்.

மரீன்ஸ் அணி அவனை எடுத்த பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2020 முழுக்க ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. பெரிய வீரர்களோடு கூடவே வைத்துக்கொண்டு உடம்பைத் தேற்றினார்கள். கை முந்திக்கொண்டது, உடம்பு இன்னும் வந்து சேரவில்லை என்பது அவர்கள் கணிப்பு. மாப்பிள்ளை சொன்ன பந்துக் கணக்கு பலகையில் தெரியும். இந்த ஒரு வருடம் எந்தப் பலகையிலும் தெரியாது.

கேள்வி: 160 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிற பையனைப் பணம் கொட்டி எடுத்துவிட்டு, மைனர் லீகில் (பெரிய அணிகளுக்குக் கீழே இருக்கும் ஆட்டங்களில்) போட்டு ஏன் ஊறுகாய் போடுகிறார்கள்?
- ஜே., ராஜபாளையம்

பதில்: ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து எறிபவர்) ஒரே பேட்ஸ்மேனை ஒரே நாளில் மூன்று தடவை சந்திக்க வேண்டும். முதல் தடவை வேகம் போதும். இரண்டாவது தடவை திரும்புகிற பந்து ஒன்று வேண்டும். மூன்றாவது தடவை வரும்போது அவன் இரண்டையும் பார்த்துவிட்டான். அதனால் மூன்றாவதாக ஒரு பந்து, பெரும்பாலும் 'சேஞ்சப்'. கை அதே வேகத்தில் சுழலும், பந்து மட்டும் மெதுவாக வரும். விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடிப்பதுதான் சூட்சுமம்.

ஆனால் பாதி கற்ற பந்தைப் பெரிய ஆட்டத்தில் யார் எறிவார்கள்? நெருக்கடி வந்தால் கை தானாகப் பழைய வேகப்பந்துக்குத்தான் போகும். மைனர் லீகில் தோற்றாலும் யாரும் பெரிதாக அழமாட்டார்கள். வெனிசுவேலாக்காரர் யோஹான் சந்தானாவை 2002-ல் மினசோட்டா அணி அப்படித்தான் கனடாவின் எட்மன்டனுக்கு அனுப்பியது. அங்கிருந்த பயிற்சியாளர் பாபி குவெயார் போட்ட கட்டளை: வருகிற ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் குறைந்தது ஒரு சேஞ்சப். அடி வாங்கினாலும் சரி. 2004-லும் 2006-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான்.

கேள்வி: இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்தும் முழங்கை போகிறதே?
- எஸ்., சேலம்

பதில்: போகிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒரு தசைநார் எழும்பும். சிலருக்கு இருக்காது, பயப்பட வேண்டாம். 1974-ல் டாமி ஜான் என்ற இடதுகைப் பிட்சரின் வலதுகையிலிருந்து அதை எடுத்து, நார் அறுந்துபோன இடது முழங்கைக்குள் வைத்துக் கட்டினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். ஜான் அதற்குப் பிறகு 1989 வரை எறிந்தார். இன்று அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான்.

வாஷிங்டன் அணியின் பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் அறிமுகம், முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் அவுட். மூன்றே மாதத்தில் முழங்கையில் கத்தி. 2012-ல் அணி முதலிடத்தில் இருக்கும்போதே, 159 இன்னிங்ஸ் போதும் என்று செப்டம்பரில் உட்காரவைத்தார்கள். அவர் இல்லாமல் அணி பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் முதல் தொடரிலேயே தோற்றது. அன்று அமெரிக்காவே சிரித்தது. 2019-ல் வாஷிங்டன் உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டத்தை) வென்றபோது தொடர் நாயகன் அவர்தான். சரி, கணக்கு நேரானது என்று நினைத்து 24.5 கோடி டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கப்புறம் எட்டே ஆட்டம், உடம்பு விட்டுவிட்டது. நம்ம சசாகியும் 2025-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போய், தோள்வலியோடு மாதக்கணக்கில் வெளியே இருந்தார். ஆனாலும் 2012-ல் நிறுத்தியது சரி என்பதே என் கட்சி.

கேள்வி: இந்தியர் யாராவது?
- பி., நாகர்கோவில்

பதில்: உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவர், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். 2008-ல் ஒரு வேகப் போட்டியில் தேர்வாகி பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. தினேஷ் 2010-ல் ஊர் திரும்பினார். ரிங்கு மைனர் லீகில் சில வருடம் தாக்குப்பிடித்தார், காயம் விடவில்லை. 2018-ல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.