துறை மாணவர்களுக்கு உதவித்தொகை: அசலை வைப்பதா, செலவிடக் கொடுப்பதா?

கேள்வி: நான் படித்த பல்கலைக்கழகத் துறையில் வசதி குறைந்த மாணவர்களுக்கு என் தாயார் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்த விரும்புகிறேன். கையில் இருப்பது ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்தைப்போல ஐந்து மடங்கு. நிரந்தர வைப்பு நிதியாகக் கொடுக்கலாமா? நிபந்தனைகளை எப்படி எழுதுவது?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். நிரந்தர நிதியில் அசலைத் தொட மாட்டார்கள். விலைவாசி உயர்வை ஈடுகட்ட வருமானத்தில் ஒரு பகுதியையும் அசலோடு சேர்ப்பார்கள். இத்தகைய நிதிகளிலிருந்து ஆண்டுக்கு 4 அல்லது 5 சதவீதம் செலவிடுவது பரவலான வழக்கம். 4 சதவீதம் என்றால், ஒருவரின் ஓராண்டுக் கட்டணத்தை முழுதாக ஏற்க அதைப்போல 25 மடங்கு அசல் தேவை. உங்கள் தொகையிலிருந்து ஆண்டுதோறும் கிடைப்பது ஒருவரின் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அதைக் கொண்டு யாரும் படிப்பைத் தொடர முடியாது.

அதே பணத்தை நேரடியாகச் செலவிடக் கொடுத்தால், ஒரு மாணவர் முதல் ஆண்டிலிருந்து பட்டம் பெறும்வரை கட்டணக் கவலையின்றிப் படிக்கலாம்; மீதியும் இருக்கும். எனவே, நிரந்தர நிதி வேண்டாம் என்றே சொல்வேன். தாயார் பெயரை ஆண்டு உதவித்தொகைக்கும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும். ஆனால், தேர்வாகும் மாணவருக்குப் படிப்பு முடியும்வரை தருவதாக உறுதி கொடுங்கள். முதல் ஆண்டு உதவியை நம்பிச் சேர்ந்தவர் இரண்டாம் ஆண்டில் கைவிடப்படுவது கொடுமை.

மீதியை அவசர உதவிக்கு ஒதுக்கலாம். தேர்வுக் கட்டணம், களப்பணிக்கான பயணச் செலவு, பழுதான மடிக்கணினி என்று சிறு தொகைகளுக்காகப் படிப்பு தடைபடுவது உண்டு. இதைத் துறைத் தலைவரே சில நாட்களுக்குள் வழங்க அனுமதி இருக்க வேண்டும். பருவம் முடிந்தபின் வரும் பணத்தால் பயனில்லை.

நிபந்தனைகளில் கை தாராளமாக இருக்கட்டும். இன்ன ஊர், இன்ன பாடப்பிரிவு, இத்தனை மதிப்பெண் என்று குறுக்கினால் தகுதியானவர் கிடைக்காமல் பணம் தேங்கும். காலமும் மாறும். 1902-இல் மறைந்த பிரிட்டிஷ் செல்வந்தர் செசில் ரோட்ஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான உதவித்தொகையைத் தம் உயிலில் ஆண்களுக்கென்றே வரையறுத்தார். அதைத் தளர்த்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சட்டம் தேவைப்பட்டது. 1977-இல்தான் பெண்கள் அதைப் பெறத் தொடங்கினார்கள். எனவே, உங்கள் விருப்பங்களைக் கட்டாயமாக்காமல் ‘முடிந்தவரை முன்னுரிமை’ என்று எழுதுங்கள். துறை வேறொன்றோடு இணைந்தாலோ மூடப்பட்டாலோ நெருங்கிய பயனுக்குப் பணத்தை மாற்றலாம் என்ற வரியும் அவசியம்.

மதிப்பெண்ணை முதன்மையாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாலையில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கும் மாணவர் மதிப்பெண்ணில் சற்றுப் பின்தங்கியிருப்பார். உங்கள் பணம் தேட வேண்டியது அவரைத்தான். அவரைக் கண்டறியும் பொறுப்பைத் தேர்வுக் குழுவிடம் விடுங்கள். குறிப்பிட்ட ஒருவருக்கென்று கொடுத்தால் பல நாடுகளில் வரிச்சலுகையும் கிடைக்காது.

பலர் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: புதிய உதவித்தொகை கிடைத்ததும், அந்த மாணவருக்கு ஏற்கெனவே கிடைக்கும் உதவியைக் குறைப்பார்களா? சில நிறுவனங்களில் இப்படி நடக்கிறது. அப்போது உங்கள் கொடையால் மிச்சப்படுவது நிறுவனத்தின் செலவு. மாணவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. இத்தொகை மற்ற உதவிகளுக்கு மேல் கூடுதலாகவே சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், செலவாகாத தொகை என்ன ஆகும் என்பவற்றையும் பணம் செலுத்துமுன் எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு கணக்கறிக்கை கேட்பது உங்கள் உரிமை. மாணவரை மேடையேற்றி அவர் வறுமையை விவரிக்கும் விழா வேண்டாம் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.