குளிசையை நிறுத்தியதும் தலைக்குள் கரன்ட் அடிக்கிறது: வருத்தம் திரும்பிவிட்டதா?

கேட்டவர் மனச்சோர்வுக்கு வென்லாஃபாக்சின் என்ற குளிசையை 75 மில்லிகிராம் போட்டு வந்தவர். சுகமாகிவிட்டது என்று தானாகவே நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து தலைச்சுற்று, தலைக்குள் கரன்ட், காரணமில்லாத அழுகை. வருத்தம் திரும்பிவிட்டதோ என்று பயப்படுகிறார்.

பெரும்பாலும் இல்லை. மனச்சோர்வு திரும்புவதென்றால் வழக்கமாக வாரக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் வரும். நிறுத்திய இரண்டு மூன்று நாளிலேயே, முன்பு இல்லாத கரன்டும் குமட்டலும் கண்டபடி கனவுகளும் சேர்ந்து வந்தால், அது மருந்து விலகுவதால் வருவது. இந்த விஷயத்தில் வென்லாஃபாக்சின் பொல்லாதது. உடம்பில் அதன் பாதி கழிய சுமார் 5 மணித்தியாலம் போதும். மனச்சோர்வுக்கே தரும் இன்னொரு மருந்தான ஃபுளுவொக்செடின் என்றால் நாட்கணக்கு ஆகும்.

நானும் இதே குளிசைதான் போட்டேன். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் எனக்குக் கரன்ட் வரும். வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க இரண்டு பக்கமும் பார்க்காமல் முடியுமா? ஒவ்வொரு முறையும் தலைக்குள் 'சிர்ர்' என்று ஒரு வெட்டு, அரை வினாடிக்குக் கால் தரையில் இல்லாத மாதிரி. 100ஆம் நம்பர் பஸ்காரர் அதற்காக பிரேக் போடப்போவதில்லை. கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையோடு மெதுவாகத் திரும்பப் பழகினேன், கொஞ்சம் குறைந்தது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

வீட்டில் அம்மா, "பிள்ளை, நீ இதுக்கு அடிமையாகிட்டாய்" என்றா. டொக்டர்தான் விளக்கினார்: மூளை மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான், அடிமை என்றால் இன்னும் கூடப் போடத் தோன்றும். பிறகு பழைய அளவையே திரும்பத் தந்தார். சில நாளில் எல்லாம் அடங்கியது. அங்கிருந்துதான் ஆறுதலாகக் குறைக்கத் தொடங்கினோம்.

குறைப்பதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மருந்தின் வேலை அளவுக்கு நேராகக் கூடிக் குறைவதில்லை. சிறிய அளவே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் 75இலிருந்து 37.5க்கு வருவது சின்னப் படி, 37.5இலிருந்து பூச்சியத்துக்கு இறங்குவது மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் ஹொரோவிட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைத்தான் எழுதினார்கள்: கீழே வர வர இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கு எடுக்கலாம்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கோ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு சீக்கிரம் கழிகிற மருந்தில் அது ஒவ்வொரு இரண்டாம் நாளும் நிறுத்துவதற்குச் சமம்.

இஞ்சிப் பிளேன்டீ குமட்டலுக்கு உதவியது, நித்திரைக்கு நேரம் வைத்தது உதவியது. கரன்டுக்கு இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1926க்கு எடுங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அல்லது கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இப்போதைக்கு எழுதித் தந்த டொக்டரிடமே திரும்பப் போங்கள். நிறுத்திய திகதி, கரன்ட் தொடங்கிய திகதி இரண்டையும் துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். "37.5க்குக் கீழே எப்படி இறங்குவது?" என்று நேராகவே கேளுங்கள். கப்சூலுக்குள் இருக்கும் குருணிகளை எண்ணிக் குறைக்கிற முறையும் உண்டு, ஆனால் அதை அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். குருணியை நசுக்கவோ மெல்லவோ கூடாது.