இரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது? – லாக் பற்றிய வாசகர் கேள்விகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். மின்சாரம் போனது, ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) நின்றது, எப்போது நின்றது என்று மட்டும் தெரியவில்லை: பாதிக் கடிதங்கள் இதைத்தான் சொல்கின்றன. இந்த முறை லாக், அதாவது நடந்ததை நேரத்தோடு கணினி எழுதிவைக்கும் பதிவேடு, பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அரிசி ஆலையில் எடை மேடையின் எடையைப் பதியும் பைத்தான் ஸ்கிரிப்ட் உபுண்டு கணினியில் ஓடுகிறது. சிஸ்லாக் ஹேண்ட்லரைச் சேர்த்தேன். பிழையும் இல்லை, லாக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. ஏன்? – அம்பாசமுத்திரம்

உங்கள் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சிஸ்லாக் என்பது லாக் செய்திகளை அனுப்பிச் சேர்க்கும் முறை; அதற்குச் செய்தி அனுப்பும் பைத்தான் பகுதிதான் ஹேண்ட்லர். முகவரி எதுவும் தராவிட்டால் அது அதே கணினியின் 514ஆம் போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசல்) யுடிபி என்ற அனுப்பு முறை வழியே அனுப்பும். செய்திகளை வாங்கிக் கோப்பில் எழுதும் உபுண்டுவின் ஆர்சிஸ்லாக் நிரல் அந்தப் போர்ட்டைத் தானாகத் திறந்து வைப்பதில்லை. யுடிபியோ, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. முகவரியாக '/டெவ்/லாக்' (/dev/log) என்று கொடுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தடை உண்டு. பைத்தானின் லாகிங், நீங்கள் வேறு சொல்லாதவரை, வார்னிங் (எச்சரிக்கை) நிலைக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடும். 'மூட்டை ஏறியது' என்று இன்ஃபோ (வெறும் தகவல்) நிலையில் எழுதினால் அது வெளியே வரவே வராது. நிலையை இன்ஃபோவுக்கு இறக்குங்கள்.

இரண்டையும் செய்யும் முன் டெர்மினலில் 'லாகர்' கட்டளையால் ஒரு சொல்லை அனுப்பிப் பாருங்கள். அது கோப்பில் விழுந்தால் கோளாறு ஸ்கிரிப்டில், விழாவிட்டால் ஆர்சிஸ்லாக்கில். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

பழைய லாக் வரிகளைத் தேதிவாரியாக அடுக்கினால் போன டிசம்பர், இந்த ஜனவரிக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிப்ரவரி 29 வந்தாலோ ஸ்கிரிப்டே நின்றுவிடுகிறது. – பாளையங்கோட்டை

பழைய சிஸ்லாக் வரியில் மாதம், நாள், மணி மட்டுமே இருக்கும். ஆண்டு கிடையாது. எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு சேர்த்து எழுதிய கருவி அது; அந்த வழக்கத்தை 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அப்படியே பதிவுசெய்தது. ஆண்டும் நேர வலயமும் 2009இன் ஆர்எஃப்சி 5424இல்தான் வந்தன.

உங்கள் ஸ்கிரிப்ட் நிற்கும் காரணம் இன்னும் நுட்பமானது. எழுத்தைத் தேதியாக மாற்றும் பைத்தானின் ஸ்ட்ரப்டைம், ஆண்டு இல்லாவிட்டால் 1900 என்று எடுத்துக்கொள்ளும். 1900 லீப் ஆண்டு அல்ல. அந்த ஆண்டில் பிப்ரவரி 29 என்ற நாளே இல்லை. ஆகவே தேதியாக மாற்றும் முன்பே வரியின் முன்னால் ஆண்டை ஒட்டிவிடுங்கள். எந்த ஆண்டு? அந்தத் தேதி உண்மையிலேயே இருந்து, இன்றைய நாளைத் தாண்டாமலும் இருக்கும் மிக அண்மை ஆண்டு.

டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அங்கே லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வெளியீட்டை ஜேசன் என்ற தரவு வடிவில் வாங்கிப் படியுங்கள். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோ விநாடிகளாக நேரம் கிடைக்கும். இந்தக் குழப்பமே எழாது.

காற்றாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் லாக்கை ஒரே கணினியில் சேர்க்கிறோம். காற்று வலுக்கும் நாளில் வரிகள் குறைகின்றன. சில பெட்டிகளின் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி இருக்கிறது. – பணகுடி

ஐந்தரை மணி என்றவுடனேயே தெரிந்துவிடுகிறது: அந்தப் பெட்டிகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. எல்லாப் பெட்டிகளையும் யுடிசிக்கே மாற்றி, திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக்குங்கள். வரிகள் குறைவதற்குப் பெரும்பாலும் யுடிபிதான் காரணம். நெரிசலில் அது சத்தமில்லாமல் கைவிடும். பெட்டியில் வசதி இருந்தால் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் டிசிபிக்கு மாறுங்கள்.

அண்ணாச்சி, கடையின் விண்டோஸ் கணினி இரவில் நின்றுவிடுகிறது. மின்தடையா, யாராவது அணைத்தார்களா? – சங்கரன்கோவில்

விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-வின்ஈவென்ட் கட்டளையால் சிஸ்டம் லாக்கைப் பாருங்கள். 41, 6008 எண்கள் இருந்தால் கணினி முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது. அந்த இரவுக்கு 1074 இருந்தால், அணைக்கச் சொன்ன பயனரின் பெயரும் அதிலேயே இருக்கும்.

லாக்கில் என்ன எழுத வேண்டும்? – மேலப்பாளையம், கல்லூரி மாணவி

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. 'ஏதோ பிழை' என்ற வரியைப் படித்து ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'மூட்டை 214: தராசு 3 ஐந்து விநாடியாகப் பதில் தரவில்லை, எடை பதியவில்லை' என்று எழுதினால், தூக்கத்திலிருந்து எழுந்து வருபவர் நேரே மூன்றாம் தராசின் கேபிளைப் பார்ப்பார். சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. 0தான் மிகக் கடுமையானது. எல்லாவற்றையும் பிழை என்று எழுதினால் உண்மையான பிழை அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

கடவுச்சொல்லையும் ஆதார் எண்ணையும் ஒருபோதும் லாக்கில் எழுதாதீர்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே பதிகிறீர்கள் என்றால், அதில் உள்ள வரிமுறிவுகளை முதலில் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பெயர்க் கட்டத்திலிருந்தே ஒருவர் உங்கள் லாக்கில் பொய்யான ஒரு வரியை எழுதிவிட முடியும்.