உடற்பயிற்சியின் வேகமும் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி (மாணவர், ஈரோடு): மெதுவாக ஓடுவதும் மூச்சிரைக்க ஓடுவதும் மூளைக்கு ஒன்றுதானா?

பதில்: இல்லை. ஜெர்மனியின் பான் நகரில் விளையாட்டு வீரர்களை டிரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். ஒரு நாள் மெதுவாக, வேறொரு நாள் கடுமையாக. எல்லோருக்கும் ஒரே வேகம் வைக்கவில்லை. தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் அவரவர் ரத்தத்தில் குவியத் தொடங்கும் எல்லையை அளந்து, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று வகுத்தார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மெதுவோட்டத்துக்குப் பின் கவனத்துக்கும் சிந்தனைக்கும் உரிய வலையமைப்பில் இணைப்பு கூடியிருந்தது. கடும் ஓட்டத்துக்குப் பின் உணர்ச்சி சார்ந்த வலையமைப்பில் கூடி, உடலசைவுக்கானதில் குறைந்திருந்தது. உற்சாகம் இரண்டிலும் ஏறியது. இதைப் படித்துவிட்டுப் புதிய நரம்பு முளைத்ததாக யாரும் எழுதக் கூடாது. சும்மா படுத்திருக்கும்போது மூளையின் இரு பகுதிகளில் சமிக்ஞை எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதுதான் இங்கே அளவு. மேலும், ஒரு நாள் விளைவு வேறு, ஓராண்டு விளைவு வேறு.

கேள்வி: தேர்வன்று காலையில் ஓடலாமா?

பதில்: லேசாக. ஜப்பானிய ஆய்வு ஒன்றில் (2018) வெறும் பத்து நிமிடம் மிக லேசாக சைக்கிள் மிதித்த இளைஞர்கள், ஒன்றுபோலிருக்கும் படங்களை மேலும் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். மதிப்பெண்ணுக்கு அது உத்தரவாதம் அல்ல.

கேள்வி: எத்தனை நிமிடம் ஓடினால் ஞாபகசக்தி வளரும்?

பதில்: 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள். ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு ஞாபகத்துக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. நிமிடக் கணக்கு அல்ல, மாதக் கணக்கு.

கேள்வி: ஓடியபின் வரும் பரவசத்துக்குக் காரணம், உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தானே?

பதில்: ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. இதைச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

மறுப்பு (மருந்தாளுநர்): ரத்தத்தை விடுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களின் மூளைக்குள்ளேயே ஓபியாய்டு (எண்டார்ஃபின் சேர்ந்த வகை) சுரப்பதை 2008இல் பெட் (PET) ஸ்கேன் காட்டியதே?

பதில்: நல்ல அடி. ஆனால் சுரக்கிறது என்பதாலேயே பரவசத்துக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 2021இல் ஓபியாய்டு போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை நால்ட்ரெக்சோன் என்ற மருந்தால் அடைத்துவிட்டு ஓடவிட்டார்கள். பரவசம் அப்படியே வந்தது, பதற்றமும் குறைந்தது. என் சந்தேகம், உடலே தயாரிக்கும் கஞ்சா வகைப் பொருள்கள்மீது.

அதே மருந்தாளுநர்: அவையும் ரத்தத்தில்தானே அளக்கப்பட்டன?

பதில்: ஆம். ஆனால் அவை கொழுப்பில் கரைபவை. மூளைக்குள் எளிதாகப் போகும். எலிகளில் அவற்றின் ஏற்பியை அடைத்தபோது, ஓடியபின் வரும் அமைதி காணாமல் போனது. மனிதரிடம் அந்தச் சோதனை வரும்வரை நீங்கள் சண்டை போடலாம்.

கேள்வி: 220இலிருந்து வயதைக் கழித்து வருவதை இதயத்துடிப்பின் உச்ச அளவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அது சராசரி. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு உதவவே உதவாது. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மிதமான வேகம்.

கேள்வி: வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகுகிறது. வேகத்தைக் குறைத்தால் போதுமா?

பதில்: நடப்பதை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். மூளையைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: ஞாபகசக்திக்கு எத்தனை நிமிடம்?

பதில்: மூன்றாவது கேள்வி.