புதிய வளாகத்தில் வீடுகள், அலுவலகங்களோடு திரையரங்கும் வருகிறது: எதற்காக? சத்தம் தொல்லையாகாதா?

அலுவலகங்கள் மாலையில் பூட்டப்பட்டதும் இத்தகைய வளாகம் வெறிச்சோடிவிடும். அந்த நேரத்தில் ஆட்களை வரவழைப்பது திரையரங்குதான். படம் பார்க்க வருபவர்கள் முன்னும் பின்னும் சற்று நேரம் அங்கேயே இருப்பார்கள். உணவகமும் கடைகளும் அதனால் பிழைக்கும். பகலில் அலுவலக வண்டிகள் நின்ற இடமே இரவில் ரசிகர்களுக்குப் பயன்படும். அதனால்தான் கட்டுநர்கள் பலர் வாடகையைக் குறைத்துக்கொண்டாவது திரையரங்கை அழைக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வசனம் சுவரைத் தாண்டுவது அரிது. வெடிச்சத்தத்தின் அடித்தொனி அப்படியல்ல. தூண், தரை வழியாக ஏறிப் படுக்கையறை வரை அதிர்வாக வந்து சேரும். இதற்குத் தீர்வு, பெட்டிக்குள் பெட்டியாக அரங்கைக் கட்டுவது: ரப்பர் தாங்கிகளின்மேல் தனித்தரை, இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், கட்டடத்தை நேராகத் தொடாத கூரை. இதை வரைபடத்திலேயே சேர்த்தாக வேண்டும். கட்டி முடித்தபின் ஒட்டும் பஞ்சுப் பலகைகள் அரங்குக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, அதிர்வைத் தடுக்காது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், வரைபடத்தில் இந்த அமைப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். அடுத்து, கடைசிக் காட்சி முடிந்து கூட்டம் எந்த வாசல் வழியாக வெளியேறும் என்று கேளுங்கள்.