நாஸ்கார் இளம் ஓட்டுநர்கள்: ஞாயிறு தவிர்த்த நாட்கள்

கேள்வி: நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயம் ஞாயிற்றுக்கிழமைதானே? மற்ற நாட்களில் இந்தப் பையன்களுக்கு என்ன வேலை?

பதில்: நிறைய வேலை. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் வட கரோலினாவில், சார்லட் நகரைச் சுற்றியுள்ள மூர்ஸ்வில், கன்கார்டு போன்ற ஊர்களில் இருக்கின்றன. பந்தயம் முடிந்த கையோடு அங்கே கூடி, நடந்ததை அலசுவார்கள். எந்த வளைவில் எப்போது பிரேக்கை மிதித்தான், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எப்போது எடுத்தான் என்பதெல்லாம் திரையில் கோடுகளாக ஓடும். போட்டி அணிக்காரரின் கோடும் பக்கத்திலேயே தெரியும் என்பதால் சாக்குப்போக்கு எடுபடாது. பிறகு சிமுலேட்டர், உடற்பயிற்சி, விளம்பரதாரர்களுடன் சந்திப்பு. நாஸ்காரின் உச்ச நிலையான கப் தொடரில் பிப்ரவரி முதல் நவம்பர் வரை 36 புள்ளிப் பந்தயங்கள். வாரம் முழுக்க இதே ஓட்டம்தான்.

கேள்வி: புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்? வேகத்திலா?

பதில்: அந்த மட்டத்துக்கு வந்தவர்களுக்கு வேகம் ஏற்கெனவே கைவந்திருக்கும். காருக்கு என்ன குறை என்று வாயால் சொல்வதில்தான் திணறுகிறார்கள். வளைவில் நுழையும்போது முன்பக்கம் திரும்ப மறுக்கிறதா, வெளியேறும்போது பின்பக்கம் வழுக்குகிறதா, டயர் புதிதாக இருக்கும்போதா, தேய்ந்த பிறகா? இதை ஓட்டிக்கொண்டே ரேடியோவில் நாலு வார்த்தையில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் தலைமை மெக்கானிக் முடிவெடுப்பார். பந்தயத்தின் நடுவே கார் பராமரிப்புக்காக ஒதுங்கும் அடுத்த பிட் நிறுத்தத்தில், சுமார் 10 நொடியில், டயர் மாற்றி, பெட்ரோல் நிரப்பி, தேவைப்பட்டால் நீண்ட சாவியால் சஸ்பென்ஷனையும் சற்றே திருகிவிடுவார்கள். ‘கார் சரியில்லை’ என்று மட்டும் கத்தினால் யாரால் என்ன செய்ய முடியும்? ஒரு புதியவரை எடைபோட நான் முதலில் கவனிப்பது அவருடைய ரேடியோ பேச்சைத்தான்.

கேள்வி: பக்கத்தில் வரும் கார் எப்படித் தெரிகிறது?

பதில்: பாதி நேரம் தெரியாது. தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி இருப்பதால் திரும்பிப் பார்க்க இயலாது. புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001-இல் ஃபுளோரிடாவின் டேடோனா பந்தயத்தில் விபத்தில் இறந்த பிறகு, அதே ஆண்டில் அது கட்டாயமானது. பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நிற்கும் ‘ஸ்பாட்டர்’ ரேடியோவில் சொல்வதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். ‘உள்ளே ஒருவர் இருக்கிறார்’ என்றால், அதாவது தளத்தின் உட்பக்கம் ஒரு கார் வருகிறது என்றால், இடம் விட வேண்டும், யோசிக்க அவகாசமில்லை.

கேள்வி: காருக்குள் ஏசி உண்டா?

பதில்: இல்லை. ஹெல்மெட்டுக்குள் குழாய் வழியே குளிர்காற்று வரும், அவ்வளவே. வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சார்லட்டில் நடக்கும் 600 மைல் பந்தயம் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும். நீர்ச்சத்துக்கான தயாரிப்பு சில நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

கேள்வி: ஐயா, நாங்கள் சார்லட்டில் வசிக்கிறோம். என் மகனுக்கு 12 வயது. கம்ப்யூட்டர் பந்தயத்திலேயே மூழ்கிக் கிடக்கிறான். இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு அம்மா. 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் கப் தொடரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500-ஐ வென்ற வில்லியம் பைரன் அப்படித் தொடங்கியவர்தான். அவரும் சார்லட்காரர். பிக்கப் ட்ரக்குகள் ஓடும் நாஸ்காரின் ட்ரக் தொடரில், சிறிய பந்தயத் தளங்களில் 16 வயதிலேயே ஓட்டலாம்; கப் தொடருக்கு 18 ஆக வேண்டும். ஆனால் செலவு மிகப் பெரியது. விளம்பரதாரர் கிடைக்காமல் நல்ல திறமைசாலிகள் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் மனவேதனை தரும் விஷயம். கடன் வாங்கி இறங்காதீர்கள். அருகில் வார இறுதிகளில் ஓடும் சிறிய ‘லெஜண்ட்ஸ்’ கார் பந்தயத்துக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெற்றோரிடம் ஒரு பருவத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.