சிலுவையை எரிக்கும் கூ கிளக்ஸ் கிளான் கிறிஸ்தவத்துக்கு எதிரான அமைப்புதானே?

இல்லை. கிளான் என்பது வெள்ளையரே மேலானவர்கள் என்று சொல்லி வன்முறை செய்த அமெரிக்க அமைப்பு; தன்னைக் கிறிஸ்தவ அமைப்பாகவே காட்டிக்கொண்டது. எரியும் சிலுவையைச் சுற்றி வெள்ளை அங்கிக்காரர்கள் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல வேதக்கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். இந்தப் பதில் உங்களுக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது.

2009-இல் அம்மா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து, அமெரிக்காவில் நான் இருக்கும் அட்லாண்டாவுக்கு வந்திருந்தார். ஊரைச் சுற்றிக் காட்ட ஸ்டோன் மவுண்டனுக்கு அழைத்துப் போனேன். ஒரே மொட்டைக் கருங்கல் மலை. அறுபத்து நான்கு வயதில் மூச்சு வாங்க வாங்க ஏறி, உச்சியில் முழங்கால்படியிட்டு ஜெபம் செய்தார். நான் படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை அந்தப் படத்தை அலுவலகத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கறுப்பினத்தவர்; மலையடிவாரத்தில் இருக்கும் ஷெர்மன்டவுனில் பிறந்தவர். வெகுநேரம் பார்த்தார். மலைமேல் நெருப்புத் தெரிகிற இரவுகளில் அவருடைய பாட்டி விளக்கை அணைத்து, பிள்ளைகளைத் தரையில் படுக்கவைப்பாராம். அவ்வளவுதான் சொன்னார். அம்மா ஜெபித்த இடத்தில் என்ன நடந்தது என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

1866 வாக்கில் டென்னசியின் புலாஸ்கியில் தோன்றிய முதல் கிளான் கொலைகள் செய்தது. ஆனால் சிலுவை எரித்ததில்லை. அந்த வழக்கம் கற்பனையில் பிறந்தது. ஸ்காட்லாந்துக் குலங்கள் போருக்கு ஆள் திரட்டத் தீச்சிலுவை அனுப்பிய கதையை எடுத்து, தாமஸ் டிக்சன் 1905-இல் தன் நாவலில் கிளானுக்குப் பொருத்தினார். அதிலிருந்து உருவான திரைப்படம் 1915-இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், நன்றியறிதல் நாள் இரவில், வில்லியம் ஜோசப் சிம்மன்ஸ் சில ஆட்களோடு ஸ்டோன் மவுண்டன் உச்சியில் சிலுவையைக் கொளுத்தி இரண்டாம் கிளானைத் தொடங்கினார். அவர் முன்னாள் மெதடிஸ்ட் போதகர். அங்கே பீடம் அமைத்து, திறந்த வேதாகமத்தை வைத்திருந்தார்கள். அவர்களும் ஜெபித்தார்கள். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

சிலுவையை 'எரிக்கிறோம்' என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, 'ஒளியேற்றுகிறோம்' என்பார்கள். கிறிஸ்து உலகத்தின் ஒளி என்று விளக்கமும் கொடுப்பார்கள். 1920-களில் ஆராதனை நடக்கும்போதே முகமூடியோடு உள்ளே வந்து, போதகர் கையில் பண உறையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை வாங்கிக்கொண்ட போதகர்கள் பலர். அரசியலும் அப்படித்தான் வளைந்தது. 1924-இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது. அதே ஆண்டு இண்டியானாவில் கிளான் ஆதரவோடு எட்வர்ட் ஜாக்சன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினத்தவரை மட்டுமல்ல, யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வந்தேறிகளையும் வெறுத்தார்கள். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் கணக்கில் நாங்கள் இருவருமே வெளியே நிற்க வேண்டியவர்கள்.

இதைச் சொன்னால் உடனே 'கிறிஸ்தவனாக இருந்துகொண்டே கிறிஸ்தவத்தைத் தூற்றுகிறான்' என்று பின்னூட்டம் வரும். நான் தூற்றவில்லை. கறுப்பின மக்களுக்காக உயிரைக் கொடுத்த மார்ட்டின் லூதர் கிங்கும் போதகர்தான். 1960-இல் அட்லாண்டாவில் அவர் வீட்டு முற்றத்திலேயே சிலுவை எரித்தார்கள். எல்லா வெள்ளையர்களையும் குற்றம் சொல்லவும் இல்லை. இந்த ஊரில் எனக்கு முதலில் வாடகைக்கு வீடு கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மையார்.

என் வருத்தம் நம்மவர்கள் மேல். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் கிளான்காரர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்காக இதை ஒரு பாடமாக எழுதிக் கொடுத்தேன். 'சபைக்குள் அரசியல் வேண்டாம்' என்று கமிட்டி திருப்பிவிட்டது. அதே கமிட்டியில் ஒருவர், புதிதாகச் சேர்ந்த இளைஞனிடம் 'ஊரில் எந்தத் தெரு?' என்று மூன்று முறை கேட்டதை என் காதால் கேட்டேன். அந்தக் கேள்வியின் பொருள் ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் அதற்குப்பிறகு வரவில்லை. அது அரசியலாக யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அழவில்லை. ஊருக்குக் கிளம்புமுன் மறுபடி மலைக்கு அழைத்துப்போகச் சொன்னார். அதே இடத்தில் முழங்கால்படியிட்டார். முதல் தடவையைவிட அதிக நேரம். இம்முறை நான் படம் எடுக்கவில்லை.

அந்தப் பாடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு பக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.